இடைசெவலில் ஒரு பகல்

எழுத வராமல் போவதும் ஒரு வியாதிதானா என்று நான் எந்த டாக்டரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இரண்டு வெள்ளை மாத்திரையும் ஒரு மஞ்சள் மாத்திரையும் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார். பதினோரு ஆண்டுகளாக நான் ஒரு கதைகூட எழுதவில்லை. அதற்கு முன் முப்பது ஆண்டுகள் எழுதியவன். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, இடையில் போட்டி கீட்டி என்று ஞாயிறு பதிப்புகளில் என் பெயரைப் பார்த்தவர்கள் உங்களிலும் சிலர் இருக்கலாம். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “என்ன சார், இப்பல்லாம் உங்க கதையைக் காணோமே?” என்பார். “வேலை ஜாஸ்தி” என்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தியம் செய்து பார்க்காமல் இல்லை. விடியற்காலை எழுந்து குளித்துவிட்டு மேசை முன் உட்கார்ந்து பார்த்தேன். புதுப் பேனா வாங்கினேன். எழுத்து வராத காலத்தில் நிறையப் படிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் மறுபடியும் எடுத்தேன். பத்துப் பக்கம் படிப்பதற்குள் கண் எழுத்தில் இருக்கும், மனம் வேறெங்கோ இருக்கும். சின்ன வயதில் கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட விரித்துப் படித்தவன் நான். அந்தப் பசி எங்கே போயிற்று?

ஏன் நின்றது என்பது எனக்கு உள்ளூரத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசியில், பார்த்தே ஆக வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளாக நினைத்திருந்த ஓர் ஊருக்குப் போய் வருவது என்று முடிவு செய்தேன். இடைசெவல் என்று பெயர். தமிழ்நாட்டில் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கிராமம். அங்கே சொந்தக்காரர் யாரும் எங்களுக்கு இல்லை. கோயில் குளம் என்று பெயர் பெற்ற ஊரும் இல்லை. என் மனைவி சிரித்தாள். “ஒரு ஊரைப் பாத்துட்டு வந்தா எழுத்து வந்திடுமா? அப்படின்னா டிக்கெட்டு விக்கிறவனெல்லாம் எழுத்தாளனாயிருப்பானே!” என்றாள். சிரித்துக்கொண்டே பெட்டியும் கட்டிக் கொடுத்தாள்.

அந்த ஊர் எப்படி என் மனத்தில் புகுந்தது என்பதைச் சொல்ல, முதலில் உங்களைக் கெடாவுக்கு அழைத்துப் போக வேண்டும்.

சுங்கை பட்டாணியிலிருந்து உள்ளே போகிற மண் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். இப்போது அது இல்லை. 1990களில் கைமாறி, கித்தா மரங்கள் சாய்ந்து, இன்று வரிசை வரிசையாகக் கல்வீடுகள் நிற்கின்றன. எங்கள் லயம் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை. ஆனால் 1960களில் அது ஒரு முழு உலகம். பிரட்டுக் களம், ஸ்டோர், ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்துக்குள். பள்ளியில் ஓர் அலமாரி உண்டு. அதில் முப்பது புத்தகம் இருந்தால் அதிகம். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் அவ்வளவையும் படித்துவிட்டேன். கரையான் தின்ற பக்கங்களை நானே கற்பனை செய்து நிரப்பிக்கொண்டேன். என் முதல் கதைகள் கரையான் போட்ட ஓட்டைகளில் எழுதப்பட்டவை என்று சொன்னால் பொய்யில்லை.

பத்திரிகை தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிராணி படித்த மறுநாள் கடைக்கு வரும். கடையில் எல்லாரும் பார்த்து முடித்தபின், பழைய தாளாக எங்கள் கைக்கு வரும். கல்கி, விகடன், கலைமகள், அம்புலிமாமா எல்லாம் கப்பலில் வந்து, பினாங்கில் இறங்கி, பட்டணத்துக் கடைக்கு வந்து சேரும்போது தமிழ்நாட்டில் அடுத்த இதழ்களே வந்து போயிருக்கும். எங்களுக்கு அதனால் என்ன? தொடர்கதை நாயகி எந்த வாரம் அழுதாலும் எங்களுக்கு அழுகை வந்தது.

என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாரத் துணியை எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு, லயத்துப் படியில் உட்கார்ந்து, “எங்க, அந்தக் கதையப் படி” என்பார். நான் சத்தமாகப் படிப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் அரிசி புடைத்தபடி வந்து உட்காருவார்கள். எங்காவது மூச்சு வாங்கினால் அம்மா, “அப்பறம்?” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே எத்தனை பக்கமும் படிக்கலாம். பிற்காலத்தில் எனக்குக் கிடைத்த பரிசுப் பணம் எதுவும் அந்த “அப்பறம்”போல என்னை ஓட்டியதில்லை.

மின்சாரம் ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்கு மேல் படிப்பது என் கூட்டாளி வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கில். அவன் என்னோடு ஒரே வகுப்பு, நான்கு கதவு தள்ளி வீடு. நானும் அவனும் காசு சேர்த்து, 1970 தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போனபோது, கடைத் தெருவில் ஒரு புத்தகம் வாங்கினோம். எல்லாரும் பலூனும் வளையலும் வாங்கிய இடத்தில் நாங்கள் வாங்கியது கு. அழகிரிசாமியின் சிறுகதைத் தொகுதி. ஏன் அதை எடுத்தோம் என்றால், மலிவாக இருந்தது. வேறு காரணம் சொன்னால் அது பின்னால் சேர்த்த அலங்காரம்.

ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் என்னிடம் என்று பேச்சு. புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் கைமாறும் தேதியைக் குறித்து வைப்போம். ‘ராஜா வந்திருக்கிறார்’ என்ற கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தீபாவளிக்கு முதல் நாள், தங்களுக்கே போதாத ஓர் ஏழை வீட்டுக்கு, உடுக்கத் துணியில்லாத அநாதைச் சிறுவன் ஒருவன் வந்து நிற்கிற கதை அது. பல நாள் கழித்து, பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா, “அந்தப் பய இப்ப எங்க இருப்பான்?” என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரமாயிற்று.

இந்த ஆசிரியர் நம் நாட்டில் இருந்தவர் என்று சொன்னவர் எங்கள் சின்னக் கிராணிதான். 1950களில் சுமார் ஐந்து ஆண்டுகள் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தார் அழகிரிசாமி. 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோன அதே நேசன். ஞாயிறு பதிப்பைக் கவனித்ததோடு, இலக்கிய வட்டம் நடத்தி, இங்குள்ள இளைஞர்களுக்குச் சிறுகதை என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தார். இங்கேயே திருமணமும் செய்துகொண்டு 1957-ல் சென்னைக்குத் திரும்பினார். நாங்கள் அந்தப் புத்தகத்தை வாங்கிய அதே 1970-ஆம் ஆண்டு, ஜூலை மாதத்தில், 46 வயதில் இறந்துபோனார். ‘அன்பளிப்பு’ தொகுதிக்குச் சாகித்திய அகாதமி பரிசு அவர் இறந்த பிறகுதான் வந்தது. அவர் பிறந்த ஊர்தான் இடைசெவல். இன்னொரு பெரிய எழுத்தாளரான கி. ராஜநாராயணனும் அதே ஊர்; ஏறக்குறைய ஒரே வயது; பால்ய சிநேகிதர்கள். 1991-ல் அவருக்கும் அகாதமி பரிசு கிடைத்தது. ஒரு சின்னக் கிராமத்தில் அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு பிள்ளைகள் இப்படி ஆனார்கள் என்றால், அந்த மண்ணில் ஏதோ இருக்க வேண்டும் அல்லவா? அதைத்தான் நான் பார்க்கப் போனேன்.

என் தாத்தா ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனதாம். நான் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேரத்துக்குள் போய் இறங்கினேன். அன்று ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, விடிகிற நேரத்தில் கோவில்பட்டி.

கோவில்பட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் போன ஊர். இந்தக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அதாவது, இந்த ஊர் மிட்டாய் என்று வேறு ஊர்க்காரன் சொல்லி விற்க முடியாது. இரண்டு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கி.ரா.வுக்கு அரசு கட்டி 2022-ல் திறந்த நினைவரங்கமும் இங்கேதான் இருக்கிறது. அதைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று, பசியாறிவிட்டுத் திருநெல்வேலி சாலையில் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வழியெல்லாம் இரண்டு பக்கமும் கறுத்த நிலம். கரிசல் என்று சொல்வதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன்; கண்ணால் பார்த்தபோது, யாரோ அடுப்புக்கரியை இடித்து மைல் கணக்கில் பரப்பி வைத்தது போலிருந்தது. நம் நாட்டுச் செம்மண்ணையும் பச்சையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் பயமாகக்கூட இருக்கிறது. மரங்கள் குறைவு. உடைமரமும் வேம்பும் பனையும் ஆங்காங்கே. தூரத்தில் வெள்ளை வெளேரென்று காற்றாலைகள். இதே சாலையில் இன்னும் தெற்கே போனால் கயத்தாறு. 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட இடம். நான் அதற்கு முன்னமே “இடைசெவல், இடைசெவல்” என்ற கண்டக்டர் குரலைக் கேட்டு இறங்கிவிட்டேன்.

இறங்கி நின்றேன். நான்கு வழிச் சாலையில் லாரிகள் சீறிக்கொண்டு போயின. எதிரே ஒரு கிராமம். சாதாரணக் கிராமம். ஓட்டு வீடு, காரை வீடு, ஒரு டீக்கடை, கட்டிப் போட்ட ஆடு, செல்போனில் பேசிக்கொண்டே மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பையன். நாற்பது ஆண்டுகளாக மனத்தில் கட்டி வைத்திருந்த ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்தது. தெருத் தெருவாக நடந்தேன். ஒரு மணி நேரத்தில் ஊர் முடிந்துவிட்டது. எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. பையில் இருந்த நோட்டுப் புத்தகத்தில், ‘வெயில் அதிகம்’ என்று மட்டும் எழுதினேன். மனைவி சொன்னது சரிதான் என்று தோன்றியது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் எழுபத்தைந்து, எண்பது வயதிருக்கும் ஒரு பெரியவர், தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

“எங்கிருந்து வாரீக?” என்றார்.

“மலேசியாங்க, ஐயா.”

“மலேயாவா? எங்க ஊருக்காரர் ஒருத்தர் அங்க பேப்பர்ல இருந்தாரே. அவர் கதையப் படிச்சவுகதான் இப்படி வந்து இறங்குவாக. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். டீ வந்தது. கீழே கிடந்த மண்கட்டி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வெயில் காலத்தில் கால் நுழைகிற அளவு இந்த நிலம் வெடித்துக் கிடக்குமாம். மழை பெய்தால் பசைபோல் ஒட்டிக்கொண்டு ஆளை நகர விடாதாம். பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்தது போய், இப்போது மக்காச்சோளம் அதிகமாகிவிட்டதாம். அவர் சொல்லி முடித்துவிட்டு, “சரி, நீங்க அங்க என்ன வெள்ளாமை பாத்தீக?” என்று கேட்டார்.

“வெள்ளாமை இல்லீங்க, ஐயா. ரப்பர். எங்க அம்மா பால் வெட்டினாங்க.”

“பாலா? மாட்டுல கறக்கிற கணக்காவா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எழுந்து, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் போனேன். அன்பர்களே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்? மரத்தின் பாதிச் சுற்றுக்கு இப்படிச் சரிவாகக் கோடு இழுக்க வேண்டும், பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுப் பிறகு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், மேலாகப் போனால் பால் வராது என்று காட்டினேன். பீலி எங்கே குத்துவது, மங்கு எங்கே கட்டுவது என்று காட்டினேன். நாலு மணிக்கு எழுந்து, இருட்டில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நிரைக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிப்பது ஏன் என்று சொன்னேன்: வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்தால் வேலையே இல்லை. மழையைக் கண்டால் இந்த ஊரில் கும்பிடுவார்கள், எங்கள் அம்மாக்கள் வானத்தைப் பார்த்துத் திட்டுவார்கள் என்றேன். மங்கில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்துச் சேர்ப்பது எங்களைப் போன்ற பிள்ளைகளின் வேலை, அந்த ஒட்டுப்பால் நாற்றம் சட்டையை விட்டுப் போகவே போகாது என்றேன். காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிற அம்மாவின் நடையை நடந்தே காட்டிவிட்டேன்.

நான் மூச்சு வாங்க நின்றபோது அந்தப் பெரியவர் சொன்னார்: “அப்புறம்?”

டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு வந்து நின்றிருந்தார். இரண்டு பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

“அப்பறம் என்னங்க, தோட்டத்த வித்துட்டாங்க. ஆளுக்கு ஒரு பக்கமாப் போயிட்டோம்.”

“ஒங்ககூடப் படிச்சவுக, வேல செஞ்சவுக எல்லாம் இப்ப எங்க இருக்காக?”

அதற்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை. தெரியும் என்பதுதான் காரணம்.

வாசக அன்பர்களே, முதலில் மறைத்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். என் கூட்டாளியின் அப்பா குடிப்பவர். ஒரு நாள் விடியற்காலை, முதல் நாள் கள்ளு தெளியாமல் பிரட்டுக்கு வந்து நின்றார். மண்டோர் அவரை எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் வாளியோடு பாலத்தின் சுவரில் போய் உட்கார்ந்திருந்தார். அப்போது எனக்கும் கூட்டாளிக்கும் பதினான்கு வயது. அவன் ஒன்றும் பேசாமல் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மனிதர் இறந்தும் போன பிறகு, அதை ஒரு கதையாக எழுதினேன். கதைக்குச் சூடு போதாதென்று, அவரைக் கால்வாயில் விழவும் வைத்தேன். சுற்றி நின்றவர்களைச் சிரிக்க வைத்தேன். பையனை அழ வைத்தேன். போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. பாராட்டி நாலைந்து கடிதம் வந்தது.

அவனிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. ஒரே வரி. ‘கதை படித்தேன். அது என் அப்பாதானே?’

நான் பதில் எழுதவில்லை. ‘ஆமாம்’ என்று எழுத வெட்கம். ‘இல்லை’ என்று எழுதினால் பொய். நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் கை ஓடவில்லை. பதினோரு ஆண்டு ஓடிவிட்டது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பையில் கொண்டுபோயிருந்த அழகிரிசாமி கதைகளைப் புரட்டினேன். ‘அன்பளிப்பு’ கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பத்திரிகையில் வேலை செய்கிற ஒருவர் வீட்டுக்குத் தெருப் பிள்ளைகள் புத்தகம் தேடி ஓடி வருவார்கள். அவர் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் டைரி பரிசு கொடுத்துவிடுவார். விட்டுப்போன பையன் சாரங்கன், கடைசியில் தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்வான். அந்தக் கதையில் யாரும் கால்வாயில் விழுவதில்லை. யாரும் கத்தி அழுவதில்லை. ஒரு பிள்ளையின் மனத்தைத் தெரியாமல் புண்படுத்திவிட்ட பெரியவர் ஒருவர், அவ்வளவுதான். எத்தனையோ முறை படித்திருந்தும், அந்தப் பெரியவரின் இடத்தில் என்னை நான் வைத்துப் பார்த்தது அன்றுதான்.

இன்னொன்றும் அன்று விளங்கியது. கி.ரா. இந்த ஊரிலேயே விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர். பெரிய பள்ளிப் படிப்பு இல்லை. 1950களின் பிற்பகுதியில், ‘சரஸ்வதி’ இதழில் ‘மாயமான்’ வந்த சமயத்தில்தான் கதைக்காரராக வெளியே தெரிந்தார். ஆனால் அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே இந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் படித்தும் கேட்டும் பேசியும் இருந்தவர்கள். சங்கீதமும் கம்பனும் அவர்கள் பேச்சில் அடங்கும், ரசிகமணி டி.கே.சி.யைத் தேடிப் போய்க் கேட்டதும் அடங்கும். ஊரை விட்டுப் போன அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் ஒரு புத்தகமாகவே வந்தன. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே நடந்து வந்து, காடு திருத்திக் குடியேறியவர்களின் கதையைக் கி.ரா. ‘கோபல்ல கிராமம்’ என்று எழுதினார். இந்த வட்டாரத்துப் பேச்சுச் சொற்களைத் தொகுத்து அகராதியும் போட்டார். மண்ணில் ஏதோ இருக்கிறது என்று நான் தேடி வந்தேனே, மண் கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அவர்களுக்கு இருந்தது எனக்கும் இருந்தது. நான்கு கதவு தள்ளி இருந்தது. பதில் போடாமல் விட்டவன் நான்.

பெரியவரிடம் விடைபெற்றபோது, “அடுத்த தடவ வரும்போது அந்த உளியக் கொண்டாங்க, பாப்போம்” என்றார். கோவில்பட்டி நினைவரங்கத்தைப் பார்த்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். பார்க்கவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போய், மறுநாளைக்கே திரும்புவதற்கு என்ன வழி என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

என் கூட்டாளி இருப்பது சுங்கை பட்டாணியில், ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டில், நான்காவது மாடி. ஜாகா வேலை பார்த்து ஓய்ந்துவிட்டான். மின்தூக்கி பழுது என்று அட்டை தொங்கியது. படியேறிக் கதவைத் தட்டினேன். அவன் மருமகள் திறந்து, யார் என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். உள்ளேயிருந்து, “வரச் சொல்லும்மா” என்று குரல் வந்தது.

அவன் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை நோயில் பார்வை மங்கி, கால் ஒன்றும் வீங்கியிருந்தது. கடலை மிட்டாயை நீட்டினேன். “சக்கர வியாதிக்காரனுக்கு மிட்டாயா?” என்றான். பேரனிடம் கொடுத்தான். காப்பி வந்தது. மழை, விலைவாசி, யார் யார் செத்துப்போனார்கள் என்று கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு நானே சொன்னேன்:

“ஆமாண்டா. அது ஒங்க அப்பாதான்.”

அவன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே யாரோ துணி காயப் போடுகிற சத்தம் கேட்டது.

“அவரு குடிச்சாரு. பிரட்டுல நின்னாரு. அதையெல்லாம் நீ எழுதினது தப்புன்னு நான் சொல்லல” என்றான். “கால்வாயில விழல. சரி, அதுகூடப் போகட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல நாம ரெண்டு பேரும் படிச்சோமே, அந்த மண்ணெண்ணெய்க்கு யாருடா காசு கொடுத்தது?”

எனக்குத் தெரியாது. அந்த விளக்கில் எண்ணெய் எப்போதும் இருந்தது. அது எப்படி வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

“கள்ளுக்கடைக்குப் போறதுக்கு முன்னால மளிகைக் கடைக்குப் போயி, ஒரு போத்தல் எண்ணெய வாங்கி வாசப்படியில வெச்சிட்டுத்தான் போவாரு. பின்னால போனா காசு இருக்காதுன்னு அவருக்கே தெரியும். நாம படிக்கிறத அந்தப் பக்கம் படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருப்பாரு. தூங்கிட்டாருன்னு நீ நெனப்ப. மறுநாளு என்னைக் கேப்பாரு, அந்தப் பொண்ணு புருசன் வீட்டுக்குப் போச்சா இல்லியான்னு.”

அவன் பேரனைக் கூப்பிட்டு, உள்ளே பெட்டியில் இருக்கிற பழைய புத்தகத்தை எடுத்து வரச் சொன்னான். தண்ணீர்மலையில் வாங்கியதுதான். அட்டை போய், பழுப்பேறி, நூல் விட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் தேதிகள். 1974-க்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் பட்டணத்துக்கு வேலைக்குப் போன வருஷம் அது.

“எனக்குக் கண்ணு தெரியல. ஏதாவது ஒன்னு படி” என்றான்.

‘ராஜா வந்திருக்கிறார்’ படித்தேன். பேரன் மிட்டாயை மென்றுகொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மருமகள் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். முடித்ததும் அவன் கேட்டான்:

“நீ ஏன் இப்பல்லாம் எழுதுறதில்ல?”

பையைத் துழாவினேன். நோட்டுப் புத்தகம் பெட்டியோடு பட்டர்வொர்த்தில் மகள் வீட்டில் கிடந்தது. அவன் தடவித் தடவி, சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“மொதல்ல அந்த வெளக்கு எப்படியிருந்துச்சுன்னு எழுது” என்றான். “சிம்னியில ஒரு பக்கம் விரிசல் இருக்கும். அப்பா அதுல காகிதம் ஒட்டியிருப்பாரு.”